பசங்க விழுந்தா எழுந்து வர நாம என்ன பண்ணலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொம்ப வருஷம் பாடம் எடுத்துட்டு, அப்புறம் ஸ்கூல் கவுன்சலிங் பக்கம் வந்தவ நான். பேரன்ட்ஸ் மீட்டிங்கோ, ரிசல்ட் வந்த மறுநாள் வர்ற போனோ, கேக்குற ஆள் தான் மாறுறாங்க, கேள்வி மாற மாட்டேங்குது. அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி, நான் சொன்ன பதிலையும் கீழ போட்டிருக்கேன். ஒரு இடத்துல சொன்னதை இன்னொரு இடத்துல திரும்ப சொல்லல, வரிசையா படிச்சீங்கன்னா நல்லது.

"ரெசிலியன்ஸ் ரெசிலியன்ஸ்னு எல்லாரும் சொல்றாங்களே டீச்சர், அப்படின்னா என்ன தான்?"

அடி பட்டா வலிக்கும், அழுகை வரும், ரெண்டு நாள் எதுலயும் மனசு ஒட்டாது. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பழையபடி தூங்கி, விளையாடி, மறுபடி புத்தகத்தை கைல எடுக்குறாங்கல்ல, அந்த மீண்டு வர்ற தன்மைக்கு தான் அந்த பேரு. அழாம இருக்கணும்னு அர்த்தமே கிடையாது. கல்லு மாதிரி நிக்குற புள்ளைய காமிச்சு "எவ்ளோ ஸ்ட்ராங் பாருங்க"ன்னு சொல்றாங்க, எனக்கு அந்த புள்ளைய நெனச்சு தான் கவலையா இருக்கும்.

ஆன் மாஸ்டன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் கஷ்டத்துல வளர்ற புள்ளைங்கள பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவங்க. 2001ல எழுதின கட்டுரைல அவங்க சொன்னது, இது யாரோ சில பேருக்கு மட்டும் இருக்குற அபூர்வ சக்தி இல்ல, சாதாரண விஷயங்கள் சரியா இருந்தாலே பெரும்பாலான புள்ளைங்க மீண்டு வந்துடுறாங்கன்னு. அக்கறையா ஒரு பெரியவங்க, தன்னை கட்டுப்படுத்திக்க கத்துக்குறது, தன் மேல கொஞ்சம் நம்பிக்கை, இந்த மாதிரி விஷயங்க தான்.

"அது பொறப்புலயே வர்றது தானே? என் பெரியவன் எதுக்கும் அசர மாட்டான், சின்னவ எதுக்கெடுத்தாலும் அழுவா"

சுபாவம்னு ஒண்ணு இருக்கு, அதை நான் இல்லன்னு சொல்லல. சில புள்ளைங்களுக்கு சின்ன சத்தம் கூட பெருசா கேக்கும். ஆனா சுபாவம் ஆரம்ப இடம் மட்டும் தான், அங்கிருந்து எங்க போறாங்கன்றது சுத்தி இருக்குறவங்களையும் பொறுத்தது.

ஹவாய் தீவுகள்ல கவாய்னு ஒரு தீவு. 1955ல அங்க பொறந்த 698 குழந்தைங்கள எம்மி வெர்னர், ரூத் ஸ்மித்னு ரெண்டு பேர் நாற்பது வயசு வரைக்கும் விடாம தொடர்ந்து பாத்தாங்க. அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குழந்தைங்க வறுமை, வீட்டுல சண்டை, அப்பா அம்மாவுக்கு குடிப்பழக்கம் இல்ல மனநோய்னு பல பிரச்சனை ஒண்ணா சேந்த வீடுங்க. அந்த குழந்தைங்கள்லயும் மூணுல ஒருத்தர் நல்லபடியா, தன்னம்பிக்கையோட, மத்தவங்க மேல அக்கறையோட வளந்தாங்க. அவங்ககிட்ட பொதுவா இருந்த ஒரு விஷயம், நம்மள ஏத்துக்கிட்ட பெரியவங்க ஒருத்தராவது இருக்காங்கன்றது. பாட்டியா இருக்கலாம், அக்காவா இருக்கலாம், டீச்சரா இருக்கலாம். எதுக்கெடுத்தாலும் அழுற உங்க சின்னவளுக்கு அந்த ஒருத்தர் யாருன்னு யோசிச்சு பாருங்க, அவகிட்டயே கேட்டாலும் சொல்லுவா.

"நாங்கல்லாம் அடி வாங்கி தான் வளந்தோம், நல்லா தானே இருக்கோம்? கஷ்டப்பட விட்டா தானே ஸ்ட்ராங் ஆவாங்க?"

இந்த கேள்விய கோவமா கேக்குறவங்க அதிகம், ஆனா நியாயமான கேள்வி. கஷ்டமே படாம வளர்ற புள்ளைக்கு சமாளிக்க கத்துக்க வாய்ப்பே வராது, அது உண்மை. ஆனா எந்த மாதிரி கஷ்டம்ன்றதுல தான் எல்லாம் இருக்கு.

1967ல மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மேயரும் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. தான் என்ன பண்ணாலும் கரண்ட் ஷாக் நிக்காதுன்னு அனுபவப்பட்ட நாய்ங்க, அப்புறம் தப்பிக்க வழி இருந்தும் முயற்சியே பண்ணாம படுத்துக்கிச்சு. அப்போ அவங்க சொன்னது, கையாலாகாத்தனத்தை அதுங்க கத்துக்கிச்சுன்னு. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழிச்சு 2016ல அதே ரெண்டு பேரும், நாங்க தலைகீழா புரிஞ்சுக்கிட்டோம்னு எழுதினாங்க. நீண்ட நாள் கஷ்டம் வந்தா முடங்கிப் போறது தான் இயல்பா நடக்குறது, "நான் ஏதாவது செஞ்சா இது மாறும்"ன்றது தான் கத்துக்க வேண்டியிருக்குன்னு. எனக்கு இது ரொம்ப பெரிய விஷயமா பட்டுச்சு. அடி, திட்டு, அவமானம் இதெல்லாம் புள்ளையால மாத்த முடியாத கஷ்டம், அதுல கத்துக்க ஒண்ணும் இல்ல. சைக்கிள் ஓட்டி விழுறது, கணக்கு வராம ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டுறது, டீம்ல செலக்ட் ஆகாதது, இதுல எல்லாம் அடுத்து தன்னால ஏதோ ஒண்ணு செய்ய முடியும். அந்த கஷ்டத்தை தாராளமா படட்டும், பக்கத்துல நீங்க இருங்க.

நல்லா தானே இருக்கோம்னு கேக்குறீங்க. இருக்கீங்க, சந்தோஷம். ஆனா அப்போ உங்கள யார் தாங்கிப் பிடிச்சாங்கன்னு கொஞ்சம் யோசிச்சு பாருங்க, கண்டிப்பா ஒரு முகம் ஞாபகம் வரும்.

"பரீட்சைல ஃபெயில் ஆயிட்டான். வீட்டுக்கு வந்ததும் நான் என்ன பேசணும்?"

அன்னிக்கு எதையும் கத்துக்குடுக்காதீங்க. ஏன் ஃபெயில் ஆனான்னு அவனை வாசல்ல பாத்ததுமே உங்களுக்கு தெரிஞ்ச மாதிரி இருக்கும், நான் அப்பவே சொன்னேன்லன்னு நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிடுங்க. வர்ற வழி முழுக்க அவன் யோசிச்சது மார்க்கை பத்தி இல்ல, உங்க மூஞ்சிய பத்தி. "மார்க் பாத்தேன். கஷ்டமா இருக்கும்ல. வா, உக்காரு." அவ்ளோ போதும். அவன் பேசினா கேளுங்க, பேசலன்னா சும்மா பக்கத்துல இருங்க. முக்கியமா அவன் காதுபட சொந்தக்காரங்களுக்கு போன் போட்டு சொல்லாதீங்க, இதை மட்டும் பல வருஷம் கழிச்சும் மறக்காம என்கிட்ட சொன்ன பசங்க இருக்காங்க.

பயமா இருக்கா, கோவமா, அசிங்கமா இருக்கான்னு அவன் வாயாலயே ஒரு பேர் சொல்ல வச்சா நல்லது. மேத்யூ லீபர்மேன் குழு 2007ல பெரியவங்கள வச்சு ஸ்கேன் எடுத்து பாத்ததுல, உணர்ச்சிக்கு வார்த்தைல பேர் வச்ச உடனே மூளைல பயத்துக்கு துடிக்கிற அமிக்டலான்ற பகுதி கொஞ்சம் அடங்கினது தெரிஞ்சுது.

ரெண்டு மூணு நாள் கழிச்சு, அவன் முகம் தெளிஞ்சதும், பேப்பரை எடுத்து வச்சு ரெண்டு பேரும் சேந்து உக்காருங்க. போன மார்க்கை மூணா பிரிங்க: தெரியவே தெரியாதது, தெரிஞ்சும் தப்பா போட்டது, நேரம் பத்தாம விட்டது. ஒரு பொண்ணு கணக்கே வராதுன்னு அழுதுட்டு வந்தா, பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல போனது கேள்விய முழுசா படிக்காம ஆரம்பிச்சதால. அவ பிரச்சனை கணக்கு இல்லன்னு அன்னிக்கு தான் அவளுக்கே தெரிஞ்சுது. அதுலேர்ந்து ஒரே ஒரு மாற்றம் மட்டும் எடுத்துக்கோங்க, புது டைம்டேபிள் போட்டு வாழ்க்கையவே மாத்த வேண்டாம், அது நாலு நாள் கூட தாங்காது.

"'பரவால்ல விடு, இதெல்லாம் ஒரு விஷயமா'ன்னு தான் சொல்வேன். அதுல என்ன தப்பு?"

மனசு நல்ல மனசு தான். ஆனா அவளுக்கு அது ஒரு விஷயம், பெரிய விஷயம், நீங்க இல்லன்னு சொன்னதும் நமக்கு தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்குவா, அடுத்த தடவை உங்ககிட்ட சொல்லவே மாட்டா. "பரவால்ல"ய கடைசில சொல்லுங்க, முதல்ல "ஆமா, வலிக்கும் தான்"னு சொல்லுங்க.

"'நான் எதுக்கும் லாயக்கில்ல'ன்னு சொல்றா. 'இல்லம்மா, நீ ரொம்ப பிரில்லியன்ட்'னு சொன்னா நம்ப மாட்டேங்குறா"

நம்ப மாட்டா, ஏன்னா கைல மார்க் ஷீட் இருக்கு. அவ சொன்ன அந்த வாக்கியத்தை கவனிங்க. "எதுக்கும்" - எல்லாத்துக்கும் பரவிடுச்சு. "லாயக்கில்ல" - என்னிக்கும் மாறாத மாதிரி. "நான்" - மொத்த பழியும் தன் மேல. செலிக்மேன் பின்னாடி ரொம்ப காலம் ஆராய்ச்சி பண்ணது இந்த மூணையும் தான், தோல்விக்கு இப்படி காரணம் சொல்லிப் பழகினவங்க சீக்கிரம் சோர்ந்து போறாங்கன்னு. அதனால எதிர்வாதம் பண்ணாம, சுருக்கிக் குடுங்க. "எதுக்கும்னா எதுக்கு? இந்த தடவை எந்த பாடத்துல, எந்த சாப்டர்ல?" அப்படி கேட்டுட்டே போனா மலை மாதிரி இருந்தது கடைசில ரெண்டு சாப்டரா வந்து நிக்கும். ரெண்டு சாப்டரை என்ன பண்றதுன்னு யோசிக்கலாம், மலைய என்ன பண்றது.

பிரில்லியன்ட்ன்ற வார்த்தைல இன்னொரு ஆபத்தும் இருக்கு. கிளாடியா மியூலர், கேரல் ட்வெக் ரெண்டு பேரும் 1998ல வெளியிட்ட ஆராய்ச்சில, அஞ்சாம் வகுப்பு பசங்களுக்கு புதிர் குடுத்து, சில பேரை "நீ புத்திசாலி"ன்னும் சில பேரை "நல்லா உழைச்சிருக்க"ன்னும் பாராட்டினாங்க. அப்புறம் வேணும்னே கஷ்டமான புதிர் குடுத்தாங்க. புத்திசாலின்னு கேட்ட பசங்க சீக்கிரம் மனசு விட்டுட்டாங்க, அதுக்கப்புறம் குடுத்த சுலபமான புதிர்லயும் முன்னைவிட கம்மியா தான் போட்டாங்க, எவ்ளோ மார்க்னு கேட்டப்போ கூட்டி சொன்னவங்களும் அவங்கள்ல தான் அதிகம்.

"அப்போ பாராட்டவே கூடாதா?"

தாராளமா பாராட்டுங்க. பாத்ததை சொல்லி பாராட்டுங்க. "மூணு தடவை அழிச்சு அழிச்சு போட்டு பாத்தல்ல, நாலாவது தடவை வேற வழில ஆரம்பிச்ச, அது நல்ல ஐடியா." உழைக்காத இடத்துல உழைச்சேன்னு சொல்லாதீங்க, பசங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்.

"எப்போ ஹெல்ப் பண்றது, எப்போ விடுறது? நோட்டை மறந்துட்டு போயிட்டா ஸ்கூலுக்கு கொண்டு போய் குடுக்கலாமா?"

ஒரு தடவை குடுங்க, யாருக்கும் மறதி வரும். வாரா வாரம் ஆனா நிறுத்திடுங்க, ஆனா சொல்லிட்டு நிறுத்துங்க. முந்தின நாள் ராத்திரி பையை எப்படி எடுத்து வைக்கிறதுன்னு ஒரு வாரம் கூட நின்னு செஞ்சு காமிச்சுட்டு, அதுக்கப்புறம் மறந்தா அவன் பாத்துக்கட்டும்.

எங்கிட்ட ஒரு அளவுகோல் இருக்கு. தப்பு பண்ணா என்ன ஆகும்? கொஞ்சம் திட்டு, கொஞ்சம் மார்க், கொஞ்சம் வெக்கம், அவ்ளோ தானா? விட்டுடுங்க. உயிருக்கு, உடம்புக்கு, மனசுக்கு பெரிய சேதம் வருமா? உடனே உள்ள போங்க. நடுவுல இருக்கிறதுக்கு எல்லாம் "நான் என்ன பண்ணட்டும்? சும்மா கேக்கணுமா, ஐடியா சொல்லணுமா, கூட வரணுமா?"ன்னு புள்ளைகிட்டயே கேளுங்க. பாதி நேரம் "சும்மா கேளு"ன்னு தான் பதில் வரும்.

"ஒரு எழுத்து தப்பாயிட்டா பேப்பரையே கிழிச்சிடுறான் டீச்சர்"

இந்த பசங்க நல்லா படிக்கிற பசங்களாவும் இருப்பாங்க, அதனால யாரும் இதை பிரச்சனையா பாக்குறதில்ல. வீட்டுல தப்பு நடந்தா பெரியவங்க என்ன பண்றாங்கன்னு முதல்ல பாருங்க. நீங்க வழி தப்பி வண்டிய ஓட்டிட்டா சத்தம் போடுவீங்களா, இல்ல "சரி, திரும்பி போவோம்"னு சொல்வீங்களா? அவன் அதை தான் பாத்து எழுதுறான்.

அப்புறம் ரஃப் நோட்டுன்னு ஒண்ணு தனியா குடுங்க, அதுல அழிக்கிறதும் கிழிக்கிறதும் கிடையாது, அடிச்சுட்டு பக்கத்துல எழுதணும். அது அழகா இருக்கக் கூடாதுன்னே சொல்லிக் குடுங்க.

"நான் டீச்சர். வகுப்புல 40 பேர், சிலபஸ் முடிக்கவே நேரமில்ல. 'முயன்றால் முடியும்'னு போஸ்டர் ஒட்டியிருக்கோம், வேற என்ன பண்றது?"

போஸ்டரால பெருசா ஒண்ணும் நடக்காது. டேவிட் யீகர் குழு அமெரிக்கால சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு பசங்ககிட்ட, மூளை வளரக்கூடியதுன்னு சொல்ற ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பாடத்தை பரிசோதிச்சு 2019ல வெளியிட்டாங்க. மார்க் கம்மியா வாங்கிட்டு இருந்த பசங்களுக்கு சின்ன முன்னேற்றம் வந்துச்சு, 4க்கு கணக்கு போடுற அவங்க கிரேடுல சுமார் 0.1. அதுவும் கஷ்டமானதை முயற்சி பண்றதை கூட படிக்கிறவங்களும் மதிக்கிற ஸ்கூல்ல தான் நல்லா வேலை செஞ்சுது. அப்போ வகுப்போட காத்து தான் முக்கியம், அது உங்க கைல இருக்கு.

சிலபஸை தொடாம பண்ணக்கூடிய சிலதை சொல்றேன். பேப்பர் திருப்பிக் குடுக்கும்போது மார்க்கை சத்தமா படிக்காதீங்க. தப்பை திருத்தி எழுதிட்டு வந்தா போன மார்க்ல கொஞ்சமாவது திரும்ப கிடைக்கும்னு ஒரு வழி வைங்க, தோல்வி முடிவு இல்லன்னு நூறு தடவை வாயால சொல்றதை விட அது ஒரு தடவை நடந்தா போதும். போர்டுல நீங்களே தப்பு பண்ணா "எங்க தப்பு பண்ணேன் கண்டுபிடிங்க"ன்னு கேளுங்க. மனு கபூர்னு ஒரு ஆராய்ச்சியாளர், சொல்லிக் குடுக்குறதுக்கு முன்னாடியே கஷ்டமான கணக்கை பசங்ககிட்ட குடுத்து, அவங்க தடுமாறி தப்பா போட்டதுக்கு அப்புறம் பாடம் எடுத்தா, கருத்து ஆழமா புரியுதுன்னு காமிச்சிருக்கார். அந்த "அப்புறம் பாடம் எடுத்தா"வ மட்டும் விட்டுடாதீங்க, தடுமாற விட்டுட்டு போயிட்டா அது மேல சொன்ன நாய் கதை ஆயிடும்.

40 பேருக்கும் நீங்க அந்த "ஒருத்தரா" இருக்க முடியாது. யாருக்கு யாருமே இல்லன்னு மட்டும் பாருங்க, நாலஞ்சு பேர் தான் இருப்பாங்க. அவங்ககிட்ட தினம் ரெண்டு நிமிஷம், படிப்பை பத்தி இல்லாம, பேசுங்க.

"கூட படிக்கிற பசங்க கிண்டல் பண்றாங்களாம். 'கண்டுக்காத, தாங்கிக்கோ'ன்னு சொல்லிட்டேன், சரி தானே?"

சரி இல்லங்க. ஃப்ரெண்டோட ஒரு சண்டை, ஒரு நாள் பேசாம இருக்கிறது, இதை அவங்களே தீத்துக்கட்டும். ஆனா ஒரே ஆளை திரும்பத் திரும்ப, பலம் உள்ளவங்க சேந்து காயப்படுத்தினா அது புல்லியிங், அதை நிறுத்த வேண்டியது பெரியவங்க வேலை. தாங்கிக்கோன்னு சொன்னா, நீ தனி ஆள்னு சொன்ன மாதிரி ஆகும்.

எந்த தேதி, எங்க, யார் இருந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு எழுதி வைங்க, போன்ல வந்திருந்தா அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுங்க, ஸ்கூல்ல எழுத்துல குடுங்க. குடுக்குறதுக்கு முன்னாடி புள்ளைகிட்ட என்ன பண்ணப் போறோம்னு சொல்லிடுங்க.

"எக்ஸாம் வரைக்கும் விளையாட்டு கட், தூக்கம் அஞ்சு மணி நேரம். கஷ்டப்பட்டா தானே?"

தூக்கம் இல்லாத புள்ளை சின்ன விஷயத்துக்கே உடையும். அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016ல குடுத்த அளவு, 6லேர்ந்து 12 வயசுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13லேர்ந்து 18 வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம். தூக்கத்துல கை வைக்காதீங்க. விளையாட்டையும் முழுசா நிறுத்தாதீங்க, தோத்துட்டு அடுத்த நாள் மறுபடி போய் நிக்கிறதை பசங்க தினம் பழகுற இடம் அது ஒண்ணு தான்.

"பையனுக்கு 16 ஆயிடுச்சு. நாங்க நிறைய தப்பு பண்ணிட்டோம். இனிமே லேட்டா?"

இல்ல. மேல சொன்ன கவாய் தீவு கதைல மிச்சம் இருக்கு. டீனேஜ்ல பிரச்சனைல மாட்டின பசங்கள்ல நிறைய பேர், முப்பது நாற்பது வயசுக்குள்ள திரும்பி வந்துட்டாங்க. மறுபடி படிக்கப் போனது, நல்ல துணை கிடைச்சது, புது இடத்துல ஒரு வேலை, இப்படி ஏதோ ஒரு கதவு திறந்துச்சு. அவன்கிட்ட போய் "அன்னிக்கு நான் அப்படி பேசினது தப்பு"ன்னு சொல்லுங்க, விளக்கம் குடுக்காம. அவன் உடனே உருகி கட்டிப்பிடிக்க மாட்டான், தோளை குலுக்கிட்டு போயிடுவான். பரவால்ல, கேட்டிருப்பான்.

"மிஸ், எல்லாரும் ட்ரை பண்ணு ட்ரை பண்ணுன்னு சொல்றாங்க. நான் ட்ரை பண்ணி தான் ஃபெயில் ஆனேன். இப்ப என்ன?"

இதை கேட்டது ஒரு மாணவி, அதனால உனக்கே நேரா சொல்றேன் கண்ணு. நீ பொய் சொல்லல, நீ உழைச்சது எனக்கு தெரியும். அதே மாதிரி இன்னும் அதிகமா உழைன்னு நான் சொல்ல மாட்டேன். எப்படி படிச்சன்னு சொல்லு. திரும்பத் திரும்ப வாசிச்சு, கலர் பேனால கோடு போட்டு? அப்படி படிச்சா தெரிஞ்ச மாதிரி இருக்கும், பேப்பர்ல வராது. புத்தகத்தை மூடிட்டு ஞாபகத்துலேர்ந்து எழுதிப் பாரு. ஒரே நாள்ல அஞ்சு மணி நேரத்துக்கு பதிலா அஞ்சு நாள்ல ஒவ்வொரு மணி நேரம் பண்ணு. எங்க நிக்குதோ அங்க மட்டும் வந்து கேளு, "எனக்கு ஒண்ணுமே புரியல"ன்னு இல்லாம "இந்த மூணாவது ஸ்டெப் எப்படி வந்துச்சு"ன்னு.

அதெல்லாம் பண்ணியும் வரலன்னா, எழுத்து குழம்புதா, போர்டு தெரியுதா, கவனம் நிக்குதான்னு டெஸ்ட் பண்ணி பாக்கணும். அது உன் தப்பு இல்ல, அதுக்கு உதவி இருக்கு. ஹெல்ப் கேக்குறதும் ட்ரை பண்றதுல சேத்தி தான்.

"இது சாதாரண சோகமா, டாக்டர்கிட்ட போகணுமான்னு எப்படி தெரியும்?"

சாதாரண சோகம் அலை மாதிரி, நடுவுல சிரிப்பு வரும். ரெண்டு வாரம் தாண்டியும் பெரும்பாலான நாள் சோகமா இல்ல எரிச்சலா இருந்தா, பிடிச்சது எதுவும் பிடிக்கலன்னா, தூக்கமும் சாப்பாடும் மாறிப்போனா, ஸ்கூலுக்கு போகவே மறுத்தா, டாக்டரையோ சைக்காலஜிஸ்டையோ பாருங்க. இதுல மீண்டு வரட்டும்னு காத்திருக்காதீங்க, காய்ச்சலுக்கு காத்திருப்போமா?

"நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி"ன்ற மாதிரி பேசினா, பிடிச்ச பொருளை எல்லாம் யாருக்காவது குடுத்தா, ரெண்டு வாரம் எல்லாம் பாக்காம அன்னிக்கே நேரா கேளுங்க: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்டா அந்த எண்ணத்தை நாமளே குடுத்துடுவோமோன்னு பயப்படுறாங்க. 2005ல வெளியான ஒரு அமெரிக்க ஆராய்ச்சில 2,000க்கு மேல ஸ்கூல் பசங்கள பாத்தாங்க, இந்த கேள்விய கேட்ட பசங்களுக்கு, கேக்காத பசங்கள விட மன உளைச்சல் கூடல. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, மருந்து, விஷம், கூர்மையான பொருள் எல்லாத்தையும் கைக்கு எட்டாம எடுத்துடுங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க இல்ல உங்க ஊர் குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க.

"எனக்கே வேலை போயிடுச்சு டீச்சர். நானே உடைஞ்சு கிடக்கேன், நான் எப்படி புள்ளைக்கு தைரியம் சொல்றது?"

தைரியம் சொல்ல வேண்டாம். உண்மைய அவ வயசுக்கு ஏத்த அளவுல சொல்லுங்க. "அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, வருத்தமா இருக்கேன், வேற தேடிட்டு இருக்கேன், இதுக்கு நீ காரணம் இல்ல, இதை பெரியவங்க நாங்க பாத்துக்குவோம்." சொல்லாம விட்டா அவ கதவுக்கு பின்னாடி நின்னு கேட்டு, நடந்ததை விட பயங்கரமா ஒரு கதைய தானே கட்டிக்குவா. கடன் கணக்கை எல்லாம் அவ தலைல இறக்காதீங்க, அதை கேக்க வேற ஒரு பெரியவங்க வேணும்.

அந்த வேற ஒருத்தர் உங்களுக்கு யாரு? புள்ளைங்களுக்கு ஒருத்தர் வேணும்னு மேல எழுதினேன்ல, உங்களுக்கும் அதே தான். அண்ணனோ, பழைய ஃப்ரெண்டோ, இன்னிக்கு ராத்திரியே போன் பண்ணுங்க, புள்ளை பாக்குற மாதிரியே பண்ணுங்க.